தண்ணீர் நடந்த வழியில் ஒரு மாளிகை

இத்தாலியின் மாசேர் கிராமத்துப் பண்ணை வீடு கலைக்கூடமான கதை

"வில்லா" என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மில் பலருக்கு வீடமைப்பு நிறுவனங்களின் விளம்பரப் படங்கள்தாம் நினைவுக்கு வரும். உயர்ந்த மதில், நீச்சல் குளம், இரண்டு கார்கள் நிறுத்தும் இடம், வாசலில் காவலர். வசதி படைத்தவர்கள் ஊர் இரைச்சலிலிருந்து ஒதுங்கி வாழும் வீடு என்பதே இன்று அச்சொல்லுக்கு வழங்கும் பொருளாகிவிட்டது.

ஆனால் இச்சொல் பிறந்த இத்தாலி மண்ணில் அதற்குப் பொருள் வேறு. வில்லா என்றால் நிலபுலன்களோடு கூடிய நாட்டுப்புற வீடு. கோதுமைக் களஞ்சியமும் திராட்சைமதுக் கிடங்கும் குதிரை லாயமும் அந்த வீட்டின் அங்கங்கள். அவற்றை அகற்றிவிட்டால் அது வில்லாவே அல்ல.

இந்த உண்மையைக் கண்ணெதிரே காட்டும் வீடு ஒன்று வட இத்தாலியில் உள்ளது. வெனிஸ் நகரிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தூரத்தில், ஆசோலோ குன்றுகளின் அடிவாரத்தில், மாசேர் என்ற சிறு கிராமத்தில் அது நிற்கிறது. பெயர் வில்லா பார்பரோ. கட்டியவர் ஐரோப்பியக் கட்டடக் கலையின் போக்கையே மாற்றிய அந்திரேயா பல்லாடியோ. சுவர்களில் ஓவியம் தீட்டியவர் வெனிஸின் பெரும் ஓவியர்களில் ஒருவரான பாவ்லோ வெரோனேசே. இப்படி இரண்டு மேதைகளின் கைவண்ணம் ஒரே கூரையின் கீழ் சேர்ந்த நாட்டுப்புற வீடு வேறொன்றைக் காண்பது அரிது.

இவ்வளவு பெருமை பெற்ற வீட்டுக்கு ஆதாரம் எது? குன்றிலிருந்து ஊறி வந்த ஓர் ஊற்றும், அதன் கீழே விரிந்த விளைநிலமுமே. அழகு வேறு, பயன் வேறு என்று பிரித்துப் பார்த்துப் பழகியவர்களுக்கு மாசேர் வீடு ஒரு நல்ல பாடம்.

கடலை நம்பியவர்கள் நிலத்துக்கு வந்தது ஏன்?

வெனிஸ்காரர்கள் கடல் வணிகர்கள். அவர்களுடைய நகரம் உப்பங்கழியின் நடுவே தீவுகளில் எழுந்தது. உழவதற்கு அங்கே நிலம் இல்லை. நம் பகுதியிலிருந்து போன கிராம்பும் ஜாதிக்காயும், கேரளக் கரையில் விளைந்த மிளகும் செங்கடல் வழியாக எகிப்துக்குப் போய், அங்கிருந்து வெனிஸ் கப்பல்களில் ஏறி ஐரோப்பாவைச் சென்றடைந்தன. அந்த வணிகத்தில் வெனிஸ் பெரும் பொருள் ஈட்டியது.

1498ஆம் ஆண்டு வாஸ்கோ ட காமா ஆப்பிரிக்காவைச் சுற்றிக் கோழிக்கோட்டுக்கு வந்து சேர்ந்தார். 1511ஆம் ஆண்டு போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்தனர். மலாக்கா விழுந்தது நம் வரலாற்றுப் பாடத்தில் வரும் செய்தி. அதே நிகழ்ச்சி வெனிஸ் வணிகர்களின் கணக்குப் புத்தகத்தையும் பாதித்தது. அவர்களுடைய மிளகு வணிகம் அதோடு அழிந்துவிடவில்லை. 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அது மீண்டும் தலையெடுத்தது. இருந்தாலும் கடலை மட்டுமே நம்பியிருப்பது ஆபத்து என்ற எண்ணம் செல்வக் குடும்பங்களின் மனத்தில் ஊன்றிவிட்டது.

நிலத்திலும் சோதனை காத்திருந்தது. 1509ஆம் ஆண்டு ஐரோப்பிய வல்லரசுகள் கூட்டுச் சேர்ந்து தாக்கியதில், வெனிஸ் தன் கையிலிருந்த உள்நாட்டுப் பகுதிகளில் பெரும்பாலானவற்றை இழந்தது. அவற்றை முழுமையாக மீட்டு முடிக்க 1517 வரை ஆயிற்று. பின்னர் மக்கள்தொகை பெருகியது. தானியத்தின் விலையும் ஏறியது. கடலுக்கு அப்பாலிருந்து வரும் கோதுமையை எதிர்பார்த்து ஒரு நகரம் எத்தனை காலம் உயிர் வாழ முடியும்?

எனவே வெனிஸ் அரசு சதுப்பு நிலங்களை வடித்து, தரிசு நிலங்களுக்கு நீர் பாய்ச்சி, விளைநிலமாக்கும் பணியில் இறங்கியது. 1556ஆம் ஆண்டு தரிசு நிலங்களைக் கவனிப்பதற்கென்றே நிரந்தரமான அதிகார அமைப்பு ஒன்று ஏற்படுத்தப்பட்டது. வணிகப் பிரபுக்கள் பட்டாடையோடு வயல் வரப்புக்கு வரத் தொடங்கினார்கள். அவர்கள் தங்குவதற்கும், வேலையை மேற்பார்வையிடுவதற்கும், விளைச்சலைச் சேமித்து வைப்பதற்கும் வீடு தேவைப்பட்டது. வெனேட்டோ வட்டாரமெங்கும் வில்லாக்கள் எழுந்ததன் பின்னணி இதுதான்.

இரண்டு சகோதரர்கள், ஒரு கல்தச்சர்

மாசேர் நிலம் பார்பரோ குடும்பத்தின் பரம்பரைச் சொத்து. தந்தை பிரான்செஸ்கோவுக்குப் பின் அது தானியேலே, மார்க்கன்தோனியோ என்ற இரு மகன்களிடம் வந்தது.

மூத்தவர் தானியேலே பார்பரோ 1514ஆம் ஆண்டு பிறந்தவர், பெரும் அறிஞர். 1549 முதல் 1551 வரை இங்கிலாந்தில் வெனிஸின் தூதராக இருந்தார். 1550ஆம் ஆண்டு அக்விலேயா திருச்சபையின் அடுத்த தலைவராக நியமிக்கப்பட்டார். ஆனால் அப்பதவியில் அப்போது இருந்தவர் தானியேலேவைவிட நீண்ட காலம் வாழ்ந்துவிட்டதால், கடைசிவரை அந்த நாற்காலி அவருக்குக் கிட்டவில்லை. பண்டைய ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸின் நூலை இத்தாலிய மொழியில் பெயர்த்து விளக்கவுரையுடன் 1556ஆம் ஆண்டு வெளியிட்டார். அந்த நூலுக்கான கட்டட வரைபடங்களை வரைந்து உதவியவர்தான் பல்லாடியோ.

இளையவர் மார்க்கன்தோனியோ அரசியல்வாதி. 1568 முதல் 1574 வரை கான்ஸ்டான்டிநோபிளில் வெனிஸின் பிரதிநிதியாக இருந்தவர். அதற்கிடையே துருக்கியருக்கும் வெனிஸுக்கும் சைப்பிரஸ் தீவுக்காகப் போர் மூண்டது. எதிரி நாட்டின் தலைநகரில் இருந்துகொண்டே 1573ஆம் ஆண்டு சமாதானம் பேசி முடித்த பெருமை அவருக்குண்டு.

பல்லாடியோவின் பின்னணி இவர்களுடையதற்கு நேர்மாறானது. 1508ஆம் ஆண்டு பதுவாவில் எளிய குடும்பத்தில் பிறந்து, சிறு வயதிலேயே கல்தச்சுத் தொழிலுக்கு அனுப்பப்பட்டவர். அவருடைய திறமையைக் கண்டுகொண்ட திரிசினோ என்ற அறிஞர்தான் அவருக்குப் பல்லாடியோ என்ற பெயரைச் சூட்டி, ரோமாபுரிக்கு அழைத்துச் சென்று பழைய கட்டடங்களைக் காட்டினார். உளி பிடித்த கை பின்னாளில் நூலும் எழுதியது. 1570ஆம் ஆண்டு வெளியான அவருடைய கட்டடக் கலை நூல் நான்கு பாகங்களைக் கொண்டது. பிற்காலத்தில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எத்தனையோ மாளிகைகளுக்கும் அரசாங்கக் கட்டடங்களுக்கும் அந்நூல் வழிகாட்டியாக அமைந்தது.

கோயில் முகப்பும் களஞ்சிய வாசலும்

1550களில் மாசேர் வீட்டின் வேலை தொடங்கியது. அங்கிருந்த பழைய வீட்டின் பகுதிகளையும் பயன்படுத்திக்கொண்டு பல்லாடியோ புதிய வடிவம் கொடுத்தார்.

சாலையிலிருந்து பார்த்தால் மெல்ல ஏறிச் செல்லும் பாதை. அதன் முடிவில் வீட்டின் நடுப்பகுதி. நான்கு அரைத் தூண்கள், அவற்றின் மேல் முக்கோண முகடு. பழைய ரோமானியக் கோயிலின் முகப்பைக் குடியிருக்கும் வீட்டுக்கு அணிவித்ததுதான் பல்லாடியோ செய்த புதுமை. பழங்காலத்தில் கோயில்கள் வீடுகளைப் பார்த்தே உருவாயின என்று அவர் நம்பினார். அதனால் கோயில் முகப்பை வீட்டுக்கு வைப்பதில் தவறில்லை என்பது அவருடைய வாதம்.

நடுப்பகுதிக்கு இருபுறமும் வளைவுகளோடு கூடிய நீண்ட தாழ்வாரங்கள் சிறகு விரித்தாற்போல் நீள்கின்றன. பார்ப்பவருக்கு அவை அலங்காரமாகத் தோன்றும். உண்மையில் அவை பண்ணையின் கூடாரங்கள். விளைபொருளும் கருவிகளும் கால்நடைகளும் அந்தக் கூரையின் கீழ்தான் இருந்தன. மழையோ வெயிலோ, வீட்டுக்காரர் நனையாமல் நடந்து சென்று எல்லாவற்றையும் மேற்பார்வையிடலாம். மற்றவர்கள் மாளிகைக்குப் பின்னால் மறைத்து வைத்த தொழுவத்தைப் பல்லாடியோ மாளிகையோடு ஒரே வரிசையில் முன்னால் நிறுத்தினார்.

அந்தச் சிறகுகளின் இரு முனைகளிலும் உயர்ந்த சுவர்கள் உள்ளன. அவற்றின் முகப்பில் சூரிய கடிகாரங்கள் அமைந்திருக்கின்றன. தானியேலேவுக்கு வான சாத்திரத்திலும் சூரிய கடிகாரங்களிலும் ஈடுபாடு உண்டு. அச்சுவர்களுக்குப் பின்னால் இருந்ததோ புறாக் கூண்டு! புறா சாப்பாட்டுக்கு இறைச்சி தந்தது. அதன் எச்சம் தோட்டத்துக்கு எருவானது. முன்பக்கம் வானியல், பின்பக்கம் எரு. இந்த வீட்டின் தத்துவத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

தண்ணீர் கீழிறங்கும் கதை

வீடு குன்றின் சரிவில் அமைந்திருக்கிறது. முன்பக்கமிருந்து பார்த்தால் இரண்டு மாடி. பின்பக்கம் போனால் மேல்மாடியும் கொல்லைப்புறமும் ஒரே மட்டத்தில் இருக்கும். மேல்மாடிக் கூடத்திலிருந்து படி இறங்காமலேயே பின்முற்றத்துக்கு நடந்து போகலாம்.

அந்தப் பின்முற்றத்தில்தான் ஊற்று வெளிவருகிறது. குன்றைக் குடைந்து, அரைவட்டமாகச் சுவர் எழுப்பி, மாடங்களில் தெய்வச் சிலைகளை நிறுத்தி, நடுவில் ஒரு குகையும் அமைத்திருக்கிறார்கள். முக்கோண முகட்டைப் பெரும் பூதவடிவங்கள் தாங்கி நிற்கின்றன. பழங்காலத்தில் நீர்த்தேவதைகளுக்கு எடுத்த மாடங்களைப் பின்பற்றிய அமைப்பு இது. சுதைச் சிற்பங்களை அலெசாண்ட்ரோ வித்தோரியா என்ற புகழ்பெற்ற சிற்பியோடு தொடர்புபடுத்துவது வழக்கம். சிற்பத்தில் ஆர்வம் கொண்டிருந்த மார்க்கன்தோனியோவே சிலவற்றைச் செய்தார் என்ற மரபும் உண்டு.

சிலைகளின் முன்னே தெளிந்த நீர்க்குளம். இவ்வளவோடு நின்றிருந்தால் இது பணக்காரர் ஒருவரின் அலங்காரக் குளம் மட்டுமே. அந்தத் தண்ணீர் பிறகு எங்கே போகிறது என்பதைப் பல்லாடியோ தம் நூலில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறார். வீட்டின் வர்ணனையில் அவர் அதிக அக்கறை காட்டியிருப்பதும் அந்தப் பகுதியில்தான்.

முதலில் அது மீன் குளம். அங்கிருந்து தண்ணீர் சமையலறைக்குள் போகிறது. சமையலறையிலிருந்து வெளியேறி, வீட்டுக்கு ஏறிவரும் பாதையின் இருபுறமும் உள்ள தோட்டங்களுக்குப் பாய்கிறது. அப்புறம் இன்னும் இரண்டு மீன் குளங்களை நிரப்புகிறது. அவற்றோடு சேர்ந்து பொதுச் சாலையோரத்தில் கால்நடைகள் தண்ணீர் குடிக்கும் தொட்டிகள் இருந்தன. கடைசியாகச் சாலையைத் தாண்டி, நல்ல கனி மரங்கள் நிறைந்த பெரிய பழத்தோட்டத்தை நனைக்கிறது.

இந்த வரிசையைச் சற்றுக் கவனித்தால் அதிலுள்ள கணக்கு புரியும். சுத்தமான நீர் எங்கே தேவையோ அங்கே முதலில் போகிறது. சமையலுக்குப் பயன்பட்ட பின், செடிக்கு. செடியைத் தாண்டி, கால்நடைக்கு. மிஞ்சியது மரத்தின் வேருக்கு. இயந்திரம் இல்லை, ஏற்றம் இல்லை. குன்றின் சரிவு மட்டுமே தண்ணீரை நடத்திச் செல்கிறது. தெய்வச் சிலைகளின் காலடியில் புறப்பட்ட நீர், வழிப்போக்கனின் குதிரைக்கும் தாகம் தீர்த்துவிட்டுத்தான் மண்ணுக்குள் போனது. ஒரே நீர் பல வேலை பார்த்தது.

இன்று "நீர் மறுபயன்பாடு" என்று மாநாடுகள் நடத்திப் பேசுகிறோம். சொல்தான் புதிது. அடுத்தவருக்கும் வேண்டுமே என்று நினைத்து வாய்க்கால் வெட்டிய சிந்தனை மிகப் பழையது.

கதவைத் திறந்து எட்டிப் பார்க்கும் சிறுமி

இனி வீட்டுக்குள் போகலாம். கட்டடம் எழுந்த பிறகு, ஏறத்தாழ 1560, 1561ஆம் ஆண்டுகளில் வெரோனேசே இங்கு வந்து ஓவியம் தீட்டினார். 1528ஆம் ஆண்டு வெரோனா நகரில் கல்தச்சர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் அவர். மாசேர் வந்தபோது வயது முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று.

அவர் கையாண்டது பிரெஸ்கோ எனப்படும் ஈரச் சுண்ண ஓவிய முறை. சுவரில் சுண்ணச் சாந்து பூசி, அது காயும் முன்பே நீரில் கரைத்த வண்ணத்தைத் தீட்ட வேண்டும். சாந்து காயும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து கல்லாக இறுகுகிறது. வண்ணமும் அந்தக் கல்லுக்குள்ளேயே பூட்டப்பட்டுவிடுகிறது. நூற்றாண்டுகள் கடந்தும் நிறம் நிற்பதன் இரகசியம் இதுவே. ஓர் ஓவியன் ஒரு நாளில் எவ்வளவு தீட்ட முடியுமோ அவ்வளவு இடத்துக்கு மட்டுமே சாந்து பூசுவார்கள். அழித்துத் திருத்த இடமில்லை. கை தயங்கினால் சுவர் காய்ந்துவிடும்.

வெரோனேசே அந்தச் சுவர்களில் செய்தது ஒரு கண்கட்டு வித்தை எனலாம். பல்லாடியோ கட்டிய சுவர்களில் இல்லாத தூண்கள், இல்லாத சாளரங்கள், இல்லாத கதவுகள் எல்லாம் தோன்றின. சாளரம் போன்ற ஒரு சட்டத்துக்குள் பார்த்தால் மலையும் ஆறும் இடிந்த ரோமானியக் கட்டடங்களும் தெரியும். அருகிலேயே உண்மையான சாளரம் ஒன்று உண்டு. அதன் வழியே பார்த்தால் உண்மையான திராட்சைத் தோட்டம். எது வெளி, எது சுவர் என்று கண் தடுமாறும்.

வீட்டின் முதன்மைக் கூடம் ஒலிம்பஸ் கூடம் என்று அழைக்கப்படுகிறது. விதானத்தில் கோள்களின் தெய்வங்கள் வானத்தில் வீற்றிருக்கிறார்கள். நான்கு மூலைகளில் காற்று, நெருப்பு, நிலம், நீர் ஆகியவற்றுக்கு உரிய ரோமானியத் தெய்வங்கள். அவர்களுக்குக் கீழே, வரையப்பட்ட மாடி முகப்பின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபடி ஒரு பெண்மணி கீழே பார்க்கிறார். மார்க்கன்தோனியோவின் மனைவி ஜூஸ்தினியானா இவர் என்று கருதப்படுகிறது. அருகில் முகத்தில் சுருக்கம் விழுந்த வயதான தாதி. ஒரு நாய்க்குட்டி, ஒரு கிளி. எதிர்ப்புற மாடியில் ஒரு சிறுவன் புத்தகம் வாசித்துக்கொண்டிருக்கிறான்.

மேலே தெய்வங்கள், கீழே வீட்டுத் தலைவியும் அவர் பிள்ளைகளை வளர்த்த தாதியும். நெசவும் நகையும் அணிந்த எசமானியையும் வெயில் பட்டுக் கறுத்த முகமுடைய பணிப்பெண்ணையும் ஒரே கைப்பிடிச் சுவரில், ஒரே அக்கறையோடு வரைந்திருப்பது இந்த ஓவியத்தின் தனிச் சிறப்பு.

சிலுவை வடிவ நடுக்கூடத்தில் வெரோனேசேயின் குறும்பு உச்சத்துக்குப் போகிறது. மாடங்களில் இசைக் கருவிகளோடு பெண்கள் நிற்கிறார்கள். ஒரு பக்கம் பாதி திறந்த கதவிலிருந்து ஒரு சிறுமி எட்டிப் பார்க்கிறாள். யார் வந்திருக்கிறார்கள் என்று பார்க்க வந்த வீட்டுப் பிள்ளையைப் போலவே இருக்கும். கதவும் பொய், சிறுமியும் பொய். அறைகளின் வாசல்கள் எல்லாம் நேர்க்கோட்டில் அமைந்திருப்பதால், ஒரு முனையில் நின்று பார்த்தால் மறுமுனையில் வேட்டைக்குப் போய்த் திரும்பும் ஒருவர் நாய்களோடு கதவைத் திறந்து வருவது தெரியும். அவரும் சுவரில் உள்ளவர்தான். அது வெரோனேசேயே தம்மை வரைந்துகொண்ட உருவம் என்பது மரபுவழிச் செய்தி. அதை உறுதிப்படுத்தச் சான்று இல்லை.

இவற்றையெல்லாம்விட மனத்தைத் தொடும் ஒன்று உண்டு. ஓரிடத்தில் ஒரு சோடி காலணியும் ஒரு தூரிகையும் கிடக்கின்றன. வேலைக்காரர் யாரோ மறந்துவிட்டுப் போனதுபோல் இருக்கும். கையை நீட்டினால் சுவர்தான் தட்டுப்படும்.

கட்டியவர் காத்த மௌனம்

இங்கே ஒரு கேள்வி எழலாம். இவ்வளவு அற்புதமான ஓவியங்களைப் பற்றிப் பல்லாடியோ என்ன சொன்னார்?

ஒன்றும் சொல்லவில்லை. தம் நூலில் வேறு சில வில்லாக்களைப் பற்றி எழுதும்போது அங்கு ஓவியம் தீட்டியவர்களின் பெயர்களைக் குறிப்பிடும் பல்லாடியோ, மாசேர் வீட்டைப் பற்றி எழுதும்போது வெரோனேசேயின் பெயரைச் சொல்லவே இல்லை. ஊற்று, சமையலறை, மீன் குளம், பழத்தோட்டம் எல்லாவற்றுக்கும் இடம் கிடைத்த பக்கத்தில் ஓவியருக்கு இடம் கிடைக்கவில்லை.

தாம் கணக்குப் போட்டுக் கட்டிய சுவர்களைப் பொய்க் கதவுகளால் மறைத்துவிட்டாரே என்ற மனத்தாங்கலா? ஆய்வாளர்களில் சிலர் அப்படி ஊகிக்கிறார்கள். வீட்டுக்காரர் தானியேலேவுக்கோ ஓவியத்தின் மேல் பற்று அதிகம். 1568ஆம் ஆண்டு தூரக்காட்சி முறையைப் பற்றி அவர் ஒரு நூலே வெளியிட்டார். அவர் விட்ருவியஸ் நூலோடு அமர்ந்திருக்கும் உருவப்படத்தை வெரோனேசே தீட்டியிருக்கிறார். அப்படம் இன்று ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில் உள்ளது.

எது எப்படியோ, பல்லாடியோவின் மௌனம் நமக்கு ஒன்றைக் காட்டித் தருகிறது. அவர் கண்ணுக்கு மாசேர் ஓர் ஓவியக்கூடமல்ல. நன்றாக வேலை செய்யும் பண்ணை வீடு. அதனால்தான் தண்ணீரைப் பற்றி எழுதினார்.

வட்டக் கோயிலில் நிறைவேறிய ஆசை

தானியேலே 1570ஆம் ஆண்டு காலமானார். சில ஆண்டுகள் கழித்து வெனிஸில் கொடிய கொள்ளைநோய் பரவியது. நோய் நீங்கினால் தேவாலயம் கட்டுவதாக நகரம் நேர்ந்துகொண்டது. அந்தத் தேவாலயம் வட்ட வடிவில் அமைய வேண்டும் என்று மார்க்கன்தோனியோ வாதாடினார். ஆட்சிமன்றம் நீள வடிவத்தையே தேர்ந்தெடுத்தது. அதையும் பல்லாடியோதான் வடிவமைத்தார்.

வெனிஸில் நடக்காதது மாசேரில் நடந்தது. வில்லாவின் கீழே, சாலையோரத்தில், ரோமாபுரியின் பாந்தியன் கோயிலை நினைவூட்டும் குவிமாடத்தோடு சிறிய வட்டக் கோயில் ஒன்றை மார்க்கன்தோனியோ எழுப்பினார். 1580ஆம் ஆண்டைச் சேர்ந்த அந்தக் கோயில் பல்லாடியோவின் கடைசிப் படைப்புகளில் ஒன்று. அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் அவர் மறைந்தார். அந்தக் கோயில் வேலை நடந்துகொண்டிருந்தபோது மாசேரிலேயே அவர் உயிர் பிரிந்தது என்றும் ஒரு மரபு சொல்கிறது. பார்பரோ குடும்பத்தின் வழிபாட்டுக்கு மட்டுமல்லாமல் கிராமத்தாருக்கும் அது கோயிலாக இருந்தது. இங்கும் அதே வழக்கம்: குடும்பத்துக்காகக் கட்டியது சாலையோரத்தில் ஊருக்கும் பயன்பட்டது.

நாணயத்தின் மறுபக்கத்தையும் பார்த்துவிட வேண்டும். வெனிஸ் பிரபுக்களின் வில்லாக்கள் எல்லாம் உழவர்களின் உழைப்பில் எழுந்தவை. விளைச்சலில் பெரும் பங்கு நில உடைமையாளர் களஞ்சியத்துக்கே போனது. ஒலிம்பஸ் கூடத்தின் மாடியில் எசமானிக்கும் தாதிக்கும் இடம் உண்டு, உழுதவனுக்கு இல்லை. வீட்டின் முகப்பில் சகோதரர் இருவரின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. வாய்க்கால் வெட்டியவர்களை நினைக்க வேண்டுமானால் நாம் அந்தத் தண்ணீரைத்தான் பார்க்க வேண்டும்.

பாழாகிப் பிழைத்த வீடு

பார்பரோ வழிக்குப் பிறகு அந்த வீடு உறவுமுறை வழியாக வேறு வெனிஸ் குடும்பங்களுக்குக் கைமாறியது. 1797ஆம் ஆண்டு நெப்போலியன் படையெடுப்பில் வெனிஸ் குடியரசு வீழ்ந்தது. குடியரசோடு பிரபுக்களின் செல்வாக்கும் சரிந்தது. வீட்டுக்காரர்கள் வராத வீடுகளில் கூரை ஒழுகியது. கூரை ஒழுகினால் சுண்ண ஓவியத்துக்கு எமன் வந்துவிட்டான் என்று பொருள். ஈரம் சுவருக்குள் இறங்கினால் உப்புப் பூத்து, வண்ணம் செதில் செதிலாக உதிரும்.

1850ஆம் ஆண்டு சாந்தே ஜாக்கோமெல்லி என்ற தொழிலதிபர் மாசேர் வீட்டை வாங்கிப் பழுதுபார்த்தார். அடுத்த சோதனை முதல் உலகப் போர். 1917ஆம் ஆண்டு இத்தாலியப் படை பின்வாங்கியபோது, போர்முனை பியாவே ஆற்றுக்கும் கிராப்பா மலைக்கும் நகர்ந்தது. மாசேர் அதற்கு வெகு அருகில் இருந்தும் வீடு தப்பியது. 1934ஆம் ஆண்டு முன்னாள் நிதியமைச்சர் ஜூசெப்பே வோல்பி அதை வாங்கினார். அவருடைய மகள் மரீனா அதையே தம் இல்லமாக்கிக்கொண்டு சீரமைப்பில் ஈடுபட்டார்.

எல்லா வீடுகளுக்கும் இந்தப் பேறு வாய்க்கவில்லை. வெனேட்டோ வட்டாரத்திலும் அதையடுத்த பகுதியிலும் 4,000க்கும் மேற்பட்ட வில்லாக்கள் பட்டியலிடப்பட்டுள்ளன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அவற்றில் பல வைக்கோல் கிடங்காகவும் இடிபாடாகவும் கிடந்தன. 1952ஆம் ஆண்டு திரேவிசோ நகரில் ஜூசெப்பே மசோத்தி என்ற எழுத்தாளர் ஒரு புகைப்படக் கண்காட்சி நடத்தினார். அழகிய மாளிகைகள் அழிந்துகொண்டிருப்பதைப் படங்களில் கண்ட மக்கள் அதிர்ச்சி அடைந்தார்கள். அதன் பலனாக 1958ஆம் ஆண்டு வில்லாக்களைக் காப்பதற்கென ஓர் அமைப்பு உருவானது. 1994ஆம் ஆண்டு விச்சென்சா நகரில் பல்லாடியோ எழுப்பிய கட்டடங்களை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. 1996ஆம் ஆண்டு மாசேர் உள்ளிட்ட வில்லாக்களும் அதில் சேர்க்கப்பட்டன.

காப்பது யார் கடமை?

பட்டியலில் பெயர் ஏறிவிட்டால் கூரை தானாகச் செப்பனிட்டுக்கொள்ளாது. மாசேர் வீடு இன்றும் தனியார் குடும்பத்தின் உடைமை. அவர்கள் அங்கேயே வாழ்ந்துகொண்டு, சில அறைகளைப் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்து விடுகிறார்கள். நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். அதோடு, சுற்றியுள்ள நிலத்தில் திராட்சை பயிரிட்டு மது தயாரித்து விற்கிறார்கள். ஓவியத்தை ஓவியம் மட்டும் காப்பாற்றவில்லை. அன்றுபோல் இன்றும் நிலம் தாங்கிப் பிடிக்கிறது.

ஒரு பழைய கட்டடத்தைக் காப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. மனிதர்களை வெளியேற்றிவிட்டு, கயிறு கட்டி, கண்ணாடிக்குப் பின்னால் வைப்பது ஒரு வழி. அது எந்த வேலைக்காகப் பிறந்ததோ அந்த வேலையை முடிந்தவரை தொடர விடுவது இன்னொரு வழி. இரண்டாவது வழி ஆபத்தானது. காலடி படும், சமையல் புகை படும், செலவும் ஓயாது. ஆனால் முதல் வழியில் வீடு உயிர் விட்டுவிடும். மாசேர் குடும்பத்தார் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

ஆகவே பார்வையாளர்களுக்கு ஒரு கட்டுப்பாடு. பழைய தரை தேயாமல் இருக்க, காலணிக்கு மேல் கம்பளிச் செருப்பை மாட்டிக்கொண்டுதான் அறைகளுக்குள் போக வேண்டும். உலகின் பல மூலைகளிலிருந்து வந்தவர்கள், பெரியவரும் சிறியவரும், அந்தத் தளர்ந்த செருப்போடு தரையைத் தேய்த்தபடி மெல்ல நகர்கிறார்கள். அவர்கள் நடப்பதே தரையைத் துடைப்பதாகவும் ஆகிவிடுகிறது.

சுவரில் வெரோனேசே விட்டுப்போன காலணி கிடக்கிறது. பாதி திறந்த கதவிலிருந்து அந்தச் சிறுமி இன்னும் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வெளியே குன்றின் சரிவில் திராட்சைக் கொடிகள் அடுத்த அறுவடைக்குக் காத்திருக்கின்றன. அந்தக் கொடிகள் காய்க்கும்வரை அவளுடைய நிறம் மங்காமல் பார்த்துக்கொள்ள ஒருவர் இருப்பார்.